ஒரு குவிமாடம், இரு வாயில்கள்

பெயர் மாறிய நகரங்கள் உலகில் பல உள. பெயரோடு மொழியும், மொழியோடு வழிபாடும் மாறியும், நின்ற இடத்தை விட்டு நகராமல், பழைய கட்டடத்தின் கல்லையே புதிய சுவருக்கு ஈந்து வாழ்ந்துவரும் நகரம் என்று தேடினால், இஸ்தான்புல்லுக்கு இணை சொல்வது அரிது. கிரேக்கர் குடியேறிய காலத்தில் அது பைசாந்தியம். 330ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகராகத் தொடங்கி வைத்தபின் அது கான்ஸ்டாண்டிநோபிள். 1453இல் உதுமானியத் துருக்கியர் கைப்பற்றிய பின்னரும் அப்பெயர் முற்றாக மறைந்துவிடவில்லை. 1930இல்தான் துருக்கிக் குடியரசு, அயல்நாட்டாரும் இஸ்தான்புல் என்றே முகவரி எழுதுதல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது.

நமக்கும் அந்நகர் முற்றிலும் அயலன்று. கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கும் சின்னஞ்சிறு பிற்கால உரோமச் செப்புக் காசுகளில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுப் பேரரசர்களின் முகங்கள் தேய்ந்து கிடக்கின்றன. அவர்களுள் சிலர் இந்நகரில் அமர்ந்து ஆண்டவர்களே. ஆயினும் இக்கட்டுரை காசுகளைப் பற்றியதன்று. ஒரு கட்டடத்தைப் பற்றியது. அக்கட்டடத்தின் முன் நண்பர்கள் இருவர் வெவ்வேறு வாயில்களில் நுழைய நேர்ந்ததைப் பற்றியது.

நண்பரை நம் வட்டத்தார் அனைவரும் அறிவர். காயல்பட்டினத்துக்காரர், அரபு பயின்றவர், நம் கவியரங்குகளில் வெண்பாவை வெடிபோல் எறிந்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் அமர்ந்துகொள்பவர். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனவே அவ்வூர் வழக்கப்படி நான் அவரை அழைக்கும் 'காக்கா' என்ற அண்ணன்முறைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நாங்கள் இருவரும் அந்நகரில் ஐந்து நாட்கள் தங்கினோம்.

முதல் நாள் மாலை பழைய தேரோட்டத் திடலுக்குச் சென்றோம். திடல் என்று சொல்ல இன்று அங்கே எஞ்சியிருப்பது நீண்டதொரு பூங்காவும் அதன் நடுவரிசையில் நிற்கும் மூன்று நினைவுச் சின்னங்களுமே. அவற்றுள் இரண்டு இரவல் பொருள்கள். ஒன்று, எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோசின் ஒற்றைக்கல் தூண். கர்னாக் கோயிலில் நின்றது. 390இல் முதலாம் தியோடோசியஸ் இங்கே நாட்டினான். இப்போதைய உயரம் சுமார் 20 மீட்டர். அடிப்பகுதி எப்போதோ உடைந்துபோயிற்று. மூவாயிரத்து நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட அக்கல்லின் சித்திர எழுத்துகள் நேற்றுச் செதுக்கியவைபோல் கூர்மையாக இருக்கின்றன. அதனை நிறுத்தி வைத்தவர்களில் ஒருவருக்கும் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது என்பதுதான் வியப்பு. படிக்க இயலாத புகழுரையைத் தன் புகழுக்காகத் தலைநகரின் நடுவில் நாட்டிக்கொண்டான் ஓர் அரசன்.

கவிஞர்கள் சுவைப்பதற்கென்றே அமைந்த செய்தியொன்று அத்தூணின் பீடத்தில் உண்டு. தூணை நிமிர்த்திய வெற்றியை ஒருபுறம் கிரேக்கச் செய்யுளும் மறுபுறம் இலத்தீன் செய்யுளும் பாடுகின்றன. வேலை முடிந்தது முப்பது நாளில் என்கிறது இலத்தீன். முப்பத்திரண்டு நாள் என்கிறது கிரேக்கம். இரு புலவர்களும் ஒரே வேலையைத்தான் கண்டார்கள். யாப்பு எண்ணிக்கையை வளைத்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். "தளை தட்டினால் இரண்டு நாளை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை" என்றார் காக்கா. பணியை நடத்திய நகர ஆளுநன் புரோகுலசின் பெயர் அதே பீடத்தில் ஒருமுறை செதுக்கி அழிக்கப்பட்டு, மறுபடியும் செதுக்கப்பட்டிருக்கிறது. இடையில் அவன் பகைவர் சூழ்ச்சியில் சிக்கிக் கொலைத் தண்டனை பெற்றான். பின்னர் அவன் நற்பெயர் மீட்கப்பட்டது. சுரண்டிய பள்ளத்தின்மேல் மறுபடி எழுதிய எழுத்து.

இரண்டாவது இரவல், பாம்புகள் பின்னிய வெண்கலத் தூண். கி.மு. 479இல் பிளாட்டியா போரில் பாரசீகரை வென்ற கிரேக்க நாடுகள் தெல்பிக் கோயிலுக்குக் காணிக்கையாக வார்த்தளித்தது. சேர்ந்து போரிட்ட முப்பத்தோரு நாடுகளின் பெயர்கள் அதன் சுருள்களில் உள்ளன. கான்ஸ்டன்டைன் அதனைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தான். மூன்று பாம்புத் தலைகளும் பின்னாளில் உடைந்து போயின. அவற்றுள் ஒன்றின் மேற்பகுதியை அந்நகர்த் தொல்பொருள் காட்சியகத்தில் காணலாம். கிறித்தவத்தைத் தழுவிய பேரரசன் அப்பல்லோவின் காணிக்கையை எடுத்துவந்து தன் திடலை அலங்கரித்தபோது, தெல்பி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எவரும் பதிவு செய்து வைக்கவில்லை. இந்நகரின் கதை முழுதும் இப்படித்தான். எடுத்தவர் எழுதி வைத்தார். இழந்தவர் குரலை நாமாகத்தான் செவிமடுக்க வேண்டும்.

இத்திடலிலிருந்துதான் நம் கட்டடத்தின் கதையும் தொடங்குகிறது. 532ஆம் ஆண்டு சனவரியில், தேரோட்டத்தில் நீலக் கட்சி என்றும் பச்சைக் கட்சி என்றும் பிரிந்து கிடந்த கூட்டம் அரசனுக்கு எதிராக ஒன்று சேர்ந்தது. 'வெல்க' எனப் பொருள்படும் 'நிக்கா' என்பதே அவர்களின் முழக்கம். வரலாற்றில் அக்கலகத்தின் பெயரும் அதுவே. நகரின் பெரும்பகுதி எரிந்தது. தப்பியோட எண்ணிய பேரரசன் ஜஸ்டினியனைத் தடுத்து நிறுத்தியவள் அரசி தியோடோரா என்று அக்கால வரலாற்றாசிரியன் புரோகோப்பியஸ் எழுதுகிறான். பின்னர்ப் படை திடலுக்குள் புகுந்தது. அங்கே மாண்டவர் முப்பதாயிரத்துக்கு மேல் என்பது அவன் தரும் கணக்கு. எரிந்தவற்றுள் ஹாகியா சோபியா தேவாலயமும் ஒன்று. அது எரிந்தது அப்போது முதன்முறையன்று. 360இல் திறக்கப்பட்ட முதற் கோயில் 404இல் ஒரு கலகத்தில் எரிந்தது. 415இல் எழுந்த இரண்டாவது கோயில் இப்போது சாம்பலாயிற்று.

கலகம் அடங்கி நாற்பது நாட்களுக்குள், 532 பிப்ரவரி 23ஆம் நாள், மூன்றாம் கோயிலுக்கு வேலை தொடங்கியது. 537 டிசம்பர் 27இல் முடிந்தது. ஆறாண்டுகூட ஆகவில்லை. பொறுப்பேற்றவர் இருவர்: டிரால்லசைச் சேர்ந்த அந்திமியஸ், மிலேட்டசைச் சேர்ந்த இசிடோர். இருவரும் கணித வல்லுநர்கள். சதுரத்தின்மேல் வட்டத்தை எப்படி அமர்த்துவது என்பதே அவர்கள்முன் இருந்த சிக்கல். நான்கு பெருந்தூண்கள், அவற்றை இணைக்கும் நான்கு வளைவுகள், வளைவுகளுக்கிடையே பாய்மரத் துணிபோல் மேலெழுந்து குவியும் நான்கு முக்கோணக் கட்டுகள், அவற்றின்மேல் சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடம். அதன் அடிவிளிம்பைச் சுற்றி நாற்பது சாளரங்கள். கனத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் சுவரை வைக்காமல் வெளிச்சத்தை வைத்தார்கள். துணிவா, செருக்கா என்று கேட்டால் இரண்டும்தான். 558இல் அக்குவிமாடம் இடிந்து வீழ்ந்தது. இசிடோரின் மருகன் இளைய இசிடோர் அதனை முன்னிலும் செங்குத்தாக உயர்த்திக் கட்டினான். 562இன் இறுதியில் கோயில் மறுபடி திறந்தது. இன்று தரையிலிருந்து அதன் உச்சி 55 மீட்டருக்குச் சற்று மேல்.

அந்த மறுதிறப்பை ஒட்டி நடந்த விழாவில் ஒரு கவிஞன் ஏறத்தாழ ஆயிரம் அடிகள் கொண்ட கிரேக்கப் பாவொன்றை அரசன் முன்னிலையில் அரங்கேற்றினான். அவன் பெயர் பவுல். அரண்மனையில் யாரும் ஓசை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளும் அலுவலன்; அதனாலேயே 'அமைதி காக்கும் பவுல்' என்று இலக்கிய வரலாறு அவனை அழைக்கிறது. பேச்சைத் தடுப்பதே தொழிலானவன் அவ்வளவு பேசியிருக்கிறான்! ஒவ்வொரு பளிங்கும் எந்நாட்டு மலையில் வெட்டப்பட்டது, அதன் நரம்புகள் என்ன நிறம், இரவில் விளக்குகள் எவ்வாறு அடுக்கடுக்காகத் தொங்கின, அவ்வொளி கடலில் வருவோர்க்கு எப்படி வழிகாட்டிற்று என்றெல்லாம் வரிசையாகப் பாடுகிறான். இன்று அழிந்துபோன வெள்ளித் திரைகளையும் மேடையையும் பற்றி ஆராய்வோர் அவன் பாடலைத்தான் சான்றாகக் கொள்கின்றனர். புகழ்ச்சிக்காகப் பாடிய பாட்டு, கட்டடப் பொறியாளருக்கு ஆவணமாக உதவுகிறது. நம் கவிஞர்கள் வருணனையை இழிவாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இவன் நினைவு வருகிறது.

இனி இக்கட்டடம் கைமாறிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வேன். உருவ வழிபாடு கூடாது என்று எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கிறித்தவப் பேரரசர்களே தடை விதித்து, தேவாலயங்களின் உருவச் சித்திரங்களை அழித்தனர். 843இல் அத்தடை நீங்கியது. இன்று நாம் காணும் உருவச் சித்திரங்கள் அதற்குப் பிற்பட்டவை. 1204இல் நான்காம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட மேலைக் கிறித்தவர், எருசலேமுக்குப் போகாமல், சக கிறித்தவர் வாழும் இந்நகரைச் சூறையாடினர். வெனிசின் புனித மார்க்கு தேவாலயத்தின் வெண்கலக் குதிரைகள் அன்று இங்கிருந்து போனவை. 1261 வரை ஹாகியா சோபியா உரோமத் திருச்சபையின் கையில் இருந்தது. அப்படையெடுப்பை முன்னின்று நடத்திய வெனிசுத் தலைவன் என்ரிக்கோ தண்டோலோ இக்கோயிலிலேயே புதைக்கப்பட்டான். மேல்மாடத் தரையில் அவன் பெயர் பொறித்த பிற்காலக் கல்லொன்று கிடக்கிறது. அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போகிறவர் சிலரே.

1453 மே 29இல் இரண்டாம் மெகமது நகரைக் கைப்பற்றினார். இருபத்தொரு வயது. பாழ்பட்டுக் கிடந்த பேரரசர் மாளிகையில் நின்று அவர் பாரசீகக் கவிதையொன்றை முணுமுணுத்தார் என்று கூறுவர். வென்றவன் வாயில் பரணியன்று, நிலையாமைப் பாட்டு. அடுத்து வந்த வெள்ளியன்று ஹாகியா சோபியாவில் தொழுகை நடந்தது. அன்று முதல் 481 ஆண்டுகள் அது பள்ளிவாசல். பதினாறாம் நூற்றாண்டில் பெருங்கட்டடக் கலைஞர் சினான் வெளிப்புறத்தில் தாங்குசுவர்கள் எழுப்பி அதனைக் காத்தார். அவர் அனத்தோலியாவின் கிறித்தவக் குடும்பம் ஒன்றிலிருந்து சுல்தானின் பணிக்கு எடுக்கப்பட்டவர். அவர் காவாதிருந்தால் இன்று நாம் போய்ப் பார்க்க அங்கே எதுவும் இருந்திராது என்பது கட்டடவியலார் பலரின் கருத்து. சுவர்ச் சித்திரங்கள் ஒரே நாளில் மறைக்கப்படவில்லை. பல பத்தாண்டுகள், சில நூற்றாண்டுகள்கூட, வெளிப்பட நின்று, படிப்படியாகவே சுண்ணச் சாந்துக்குள் போயின. 1847 முதல் 1849 வரை பழுது பார்த்த ஃபொசாத்தி உடன்பிறப்புகள் சாந்தைப் பெயர்த்துச் சித்திரங்களைப் பார்த்தனர். சுல்தான் அப்துல் மஜீதும் பார்த்தார். வரைபடம் எடுத்துக்கொண்டு பெரும்பாலானவற்றை மறுபடி மூடினர். 1931இல் அமெரிக்கரான தாமஸ் விட்டமோர் அவற்றைத் திறக்கும் பணியைத் தொடங்கினார். 1934 நவம்பரில் துருக்கி அமைச்சரவை இதனைக் காட்சியகமாக்க முடிவு செய்தது. 1935 பிப்ரவரியில் காட்சியகம் திறந்தது. 2020 சூலை 10இல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் 1934இன் முடிவைச் செல்லாது என்றது. அதே மாதம் 24ஆம் நாள் மீண்டும் தொழுகை தொடங்கியது.

நாங்கள் சென்றபோது நடைமுறை இதுதான். 2024 சனவரி முதல், தொழ வருவோர்க்கு ஒரு வாயில், கட்டணமில்லை, கீழ்த்தளம் அவர்களுக்கு. காண வரும் அயல்நாட்டார்க்கு வேறொரு வாயில், கட்டணம் 25 யூரோ, மேல்மாடம் மட்டும். நாற்பதாண்டு ஒரே பேருந்தில் கவியரங்கம் போய்வந்த இருவர் சதுக்கத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "நான் கீழே போகிறேன் தம்பி, நீங்கள் மேலே போய்ப் பாருங்கள். வெளியே வந்து பேசுவோம்" என்றார். அவர் குரலில் தயக்கம் இருந்தது. ஆனால் பலநாள் காத்திருந்தவரின் விரைவும் இருந்தது.

மேல்மாடத்துக்கு ஏறும் வழி படிக்கட்டன்று; சுற்றிச் சுற்றி ஏறும் கற்பாவிய சாய்தளம். ஏறி முடித்து மாடத்தின் விளிம்புக்கு வந்தால் கட்டடம் முழுவதும் ஒரேயடியாகத் திறந்துகொள்கிறது. கண்ணை முதலில் கவர்வன எட்டுப் பெருவட்டப் பலகைகள். ஏழரை மீட்டர் அகலம். பச்சையில் பொன்னெழுத்து. ஃபொசாத்தி காலத்துப் பழுதுபார்ப்பின்போது முஸ்தபா இஸ்ஸத் எழுதியவை. இறைவன் பெயர், நபிகள் பெயர், நான்கு கலீபாக்களின் பெயர்கள், நபிகளின் பேரர் இருவரின் பெயர்கள் என்று எது எது என்பதை முந்திய இரவே காக்கா தாளில் வரைந்து எனக்குக் கற்பித்திருந்தார். எதிரே கீழ்த்திசைக் கவிகைச் சுவரில், 867இல் திறந்து வைக்கப்பட்ட அன்னையும் மகவும் உள்ள சித்திரம். தொழுகை நேரத்தில் கீழிருப்போர் பார்வைக்கு அது திரையால் மறைக்கப்பட்டது.

ஆனால் நான் மறக்கவியலாதது இவற்றுள் எதுவுமன்று. தொழுகை வரிசைகள்! கோயில் கட்டியோர் கிழக்கு நோக்கிக் கட்டினர். மக்காவின் திசை அங்கிருந்து சற்றே தெற்கில் விலகுகிறது. எனவே தொழுகைத் திசை காட்டும் மாடக்குழி நடுக்கோட்டில் இல்லை. சில பாகை ஒதுங்கியிருக்கிறது. தரைவிரிப்பின் கோடுகளும் அதற்கேற்பக் கட்டடத்துக்குச் சாய்வாகவே ஓடுகின்றன. மேலிருந்து நோக்கினால், கல் ஒரு திசையையும் மனிதர் வேறு திசையையும் பார்ப்பது தெளிவாகத் தெரியும். ஆயிரத்து நானூற்று எண்பத்தேழு ஆண்டுப் பழமையுள்ள கட்டடம் ஒருபுறம் பார்த்து நிற்க, அதன் வயிற்றில் வாழ்வோர் சற்றே திரும்பி நிற்கிறார்கள். அந்தச் சாய்ந்த வரிசைகளில் மூன்றாவதில், வெள்ளைத் தொப்பி வைத்த என் நண்பரைக் கண்டுபிடித்தேன். அவர் குனிந்தார், எழுந்தார், நெற்றி தரையில் பட்டது. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து குவிமாடத்தைப் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது. தென்மாடத்தில் 'தீசிஸ்' எனப்படும் மன்றாட்டுச் சித்திரம்: நடுவில் கிறிஸ்து, இருமருங்கும் அன்னையும் திருமுழுக்கு யோவானும். நகரை மேலையரிடமிருந்து மீட்ட 1261க்குப் பிற்பட்டது என்பர். கீழ்ப்பகுதி முழுதும் உதிர்ந்துவிட்டது. மூன்று முகங்கள் எஞ்சியுள்ளன. யோவானின் முகத்துத் துயரம் கல்துண்டுகளால் ஆனது என்பதை நம்ப மனம் மறுக்கிறது. சற்றுத் தள்ளி அரசி சோயியின் சித்திரம். அரசிக்கு அடுத்தடுத்து மூன்று கணவர்கள். அரியணையும் அவர்களுக்கு அவள்வழியே வாய்த்தது. இப்போது அரசன் உருவுக்கு மேல் உள்ள பெயர் மூன்றாம் கணவனான ஒன்பதாம் கான்ஸ்டன்டைனுடையது. பெயரும் தலையும் பிற்பாடு மாற்றப்பட்டவை என்பதைக் கற்களின் ஒட்டே காட்டிக்கொடுக்கிறது. கணவனின் தலையோடு அரசியின் தலையும், நடுவிலுள்ள கிறிஸ்துவின் தலையுமே புதுக்கப்பட்டிருக்கின்றன. உடல்கள் பழையவை. இதைவிடக் கூர்மையான அரசியல் அங்கதத்தை எந்தக் கவிஞன் எழுதினான்?

அதே தென்மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், வடபுலத்து 'ரூன்' எழுத்தில் யாரோ கீறிய கீறல்கள் உண்டு. படிக்க முடிவது ஹால்ப்தான் என்ற பெயர் மட்டும். பேரரசனுக்குக் காவல் புரிய ஸ்காந்திநாவியாவிலிருந்து வந்த கூலிப்படை வீரனாக இருக்கலாம். நீண்ட வழிபாட்டில் புரியாத மொழியைக் கேட்டுச் சலித்துக் கத்திமுனையால் தன் பெயரைக் கீறி வைத்தான் போலும். நம்மூர்க் கோயில் தூண்களில் காதலர் பெயரெழுதுவோரை நான் மன்னித்துவிட்டதாக எவரும் எண்ணவேண்டா. ஆயிரம் ஆண்டு கழிந்தால் குற்றமும் ஆவணமாகிவிடுகிறது, அவ்வளவே.

வெளியே வந்து தேநீர்க் கடையில் அமர்ந்தோம். சிறு கண்ணாடிக் குவளையில் பாலில்லாத் தேநீர். காக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காட்சியகமாக இருந்தபோது அங்கே எவரும் தொழ முடியாது, செபிக்கவும் முடியாது. 1967இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் வந்து ஒரு கணம் முழந்தாளிட்டதற்கே இந்நாட்டில் கண்டனம் எழுந்தது. தொழுவதற்கென்று கட்டிய இடத்தில் நெற்றி படக்கூடாது என்றால், அது கூட்டை அடைத்துக் காட்டும் பொருட்காட்சி தம்பி. இன்று அது மூச்சு விடுகிறது."

நான் என் கட்சியைச் சொன்னேன். ஒருவருக்கும் உரியதன்று என்பதனாலேயே அது எல்லாருக்கும் உரியதாய் இருந்தது. பொற்சித்திரமும் பொன்னெழுத்தும் ஒன்றையொன்று மறைக்காமல் எதிரெதிரே நின்ற எண்பத்தைந்து ஆண்டுகள், அதன் வரலாற்றிலேயே அரியதோர் இடைவேளை. வழிபாட்டுக்கு அந்நகரில் இடத்துக்கா பஞ்சம்? எதிரிலேயே சுல்தான் அகமது பள்ளி இருக்கிறது. குன்றின்மேல் 1557இல் சினான் கட்டி முடித்த சுலைமானியா இருக்கிறது. அழகில் அவை எதற்கும் தாழ்ந்தவையல்ல.

அவர் மறுக்கவில்லை. வேறொன்று சொன்னார். முன்னோராண்டில் அவர் ஸ்பெயின் சென்றிருந்தார். கோர்தோபா பெரும்பள்ளி 1236 முதல் கத்தோலிக்கத் தேவாலயம். செவ்வெள்ளை வளைவுகள் காடுபோல் அடர்ந்த அதன் நடுவில், பதினாறாம் நூற்றாண்டில் தேவாலயமொன்றைச் செருகிக் கட்டினார்கள். அங்கே முஸ்லிம்கள் தொழ இசைவில்லை. "அந்த மாடக்குழிமுன் கைகட்டிச் சுற்றுலாக்காரனாக நின்றேன். அன்று என் நெஞ்சில் என்ன இருந்ததோ அது, இன்று இங்கே மேல்மாடத்தில் நின்ற கிரேக்கக் கிழவி ஒருத்தியின் நெஞ்சிலும் இருந்திருக்கும். இதையும் சேர்த்துத்தான் நான் தொழுதேன்" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஏதென்சின் பார்த்தினான் பற்றி ஏதோ சொன்னேன்: அது கோயிலாகவும் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் நின்று, வெடிமருந்து வைத்திருந்தபோது 1687இல் வெனிசியர் குண்டில் சிதறியது, பிறகு எல்லா வழிபாட்டின் சுவடும் துடைக்கப்பட்டுப் பழங்கோயில் மட்டும் நிறுத்தப்பட்டது. "அதுவும் ஒருவகை மதம்தான்" என்றார் காக்கா. அதை இன்றளவும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாட்காலை அவர் தாமாகவே 25 யூரோ கொடுத்துச் சீட்டு வாங்கி மேல்மாடம் ஏறினார். யோவானின் முகத்தெதிரே நெடுநேரம் நின்றார் என்பது பிறகு அவர் எழுதிய வெண்பாக்களால் தெரிந்தது. அவை இம்மலருக்கு வரும் என்று எதிர்பார்த்தேன், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாராம்.

நிலத்தடி நீர்த்தேக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. படமெடுப்போர் கூட்டமும் வண்ண விளக்குகளும் அதன் அமைதியைத் தின்றுவிட்டன. 336 தூண்கள், பன்னிரண்டு வரிசை, ஜஸ்டினியன் கட்டியது. இரு தூண்களின் அடியில் பழங்காலத்து மெதூசா தலைகள், ஒன்று பக்கவாட்டிலும் ஒன்று தலைகீழாகவும், வெறும் முட்டுக்கல்லாகக் கிடக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பியேர் ழில், வீட்டுத் தரையின் துளைவழியே வாளியிறக்கி நீர் மொள்ளும் மக்களைக் கண்டு, கீழே இறங்கிப் படகில் சுற்றிப் பார்த்து எழுதினார். மேலே வாழ்ந்தவர்களுக்கு அது பேரரசின் நினைவன்று, கிணறு.

கடைசி நாள், நகரின் பழைய மதிலருகே உள்ள கோரா தேவாலயம். துருக்கியர் காரியே என்கின்றனர். சிறிய கட்டடம், தெருவோர வீடுகளுக்கிடையே ஒதுங்கி நிற்பது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசலாயிற்று; இருபதாம் நூற்றாண்டில் காட்சியகம்; 2024 மே 6இல் மறுபடி தொழுகைக்குத் திறந்தது. அங்கே வாயில் இரண்டில்லை. இருவரும் சேர்ந்தே நுழைந்தோம்.

இன்றைய சித்திரங்களுக்குக் காரணமானவன் தியோடோர் மெட்டோக்கைட்ஸ். பேரரசன் இரண்டாம் அந்திரோனிக்கசின் முதலமைச்சன், வானியல் வல்லான், புலவன். 1315 முதல் 1321 வரையான ஆண்டுகளில் தன் செல்வத்தைக் கொண்டு இத்துறவுமடத்தின் கோயிலைப் புதுக்கினான். துணைக்கோயிலின் கிழக்குக் கவிகையில் உள்ள ஓவியத்தில், கிறிஸ்து இருபுறமும் கல்லறைகளிலிருந்து ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பற்றி இழுத்தெழுப்புகிறார். அருள் என்றால் தடவிக் கொடுப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். அங்கே அது வன்மையாகப் பற்றித் தூக்குகிறது. ஏவாளின் ஆடை காற்றில் பறக்கிறது. ஆதமும் ஹவ்வாவும் காக்காவுக்கும் முதற்பெற்றோரே. "கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார், பாருங்கள். எழுகிறவன் பற்றிக்கொள்ள வேண்டியதில்லை, எழுப்புகிறவன் விடமாட்டான்" என்று அவர்தாம் எனக்குக் காட்டினார்.

1328இல் ஆட்சி மாறியது. பேரன் மூன்றாம் அந்திரோனிக்கஸ் பாட்டனைத் தள்ளி அரியணை ஏறினான். மெட்டோக்கைட்சின் மாளிகை சூறையாடப்பட்டது. அவன் நாடு கடத்தப்பட்டான். அங்கிருந்து கோரா மடத்துத் துறவியர்க்கு எழுதிய மடலில் அவன் வேண்டியது, தான் சேர்த்து வைத்த நூல்களைக் காக்கும்படி. பிறகு திரும்பிவர இசைவு கிடைத்தது. தான் புதுக்கிய மடத்திலேயே எளிய துறவியாக வாழ்ந்து 1332இல் இறந்தான்.

உள்வாயிலின் மேல் அவனுடைய சித்திரம் இருக்கிறது. அமைச்சனாயிருந்த நாளில் வைக்கச் செய்தது. பொன்னும் வெள்ளையுமாகப் பெரிய தலைப்பாகை போன்ற தொப்பி. பூவேலை மிகுந்த நீண்ட அங்கி. முழந்தாளிட்டு, கோயிலின் சிற்றுருவை இரு கையிலும் ஏந்திக் கிறிஸ்துவிடம் நீட்டுகிறான். முக்காடிட்ட துருக்கிப் பெண்கள் இருவர் தொழுகைக்கு அதன் கீழே நுழைந்து போனார்கள். அவர்களுள் முதியவள் காலணியைக் கழற்ற நின்றபோது மேலே நிமிர்ந்து, அந்தத் தொப்பியைச் சற்று நேரம் பார்த்தாள்.